காத்தாடிக்குக் கீழே படிக்கிற பிள்ளைகளுக்குக் காற்று மின்சாரத்தை எப்படிச் சொல்லித் தருவது?

வள்ளியூர் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலி மாவட்டம் வள்ளியூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் ஆற்றல் பாடம். பலகையில் இரண்டு கட்டம் போட்டு, புதுப்பிக்கத்தக்கவை என்று இந்தப் பக்கம் சூரியன், காற்று, நீர், புதுப்பிக்க இயலாதவை என்று அந்தப் பக்கம் நிலக்கரி, பெட்ரோல், டீசல் எல்லாம் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் பத்தே நிமிடத்தில் மனப்பாடம் பண்ணிவிட்டார்கள். தேர்வில் வந்தால் இருபத்தெட்டுப் பேரும் சரியாக எழுதிவிடுவார்கள். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் தெரிவதே காத்தாடிதான் (காற்றாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்), பணகுடி வரைக்கும் வரிசையாக நிற்கும், ஆடி மாதத்தில் அதன் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பாடம் நடத்துகிறோம், அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு புத்தகத்திலிருக்கும் காத்தாடிப் படத்துக்குப் பாகம் குறிக்கச் சொன்னால் அது என்ன பாடம்?

அன்றைக்குப் பார்த்து ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். அவன் அம்மா இரண்டு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். "டீச்சர், எங்க மொட்டைமாடியில நின்னு எண்ணிப் பாத்தேன், நாப்பத்தி மூணு காத்தாடி தெரியுது. நேத்து ராத்திரி நல்ல காத்து, எல்லாம் ஓடுச்சு. அப்புறம் ஏன் எங்க வீட்ல கரண்ட் போச்சு?" என்றான். வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. "லைனில் ஏதோ கோளாறாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அவன் உட்கார்ந்துவிட்டான், ஆனால் அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எனக்கே சரியான விடை தெரியாது என்பதுதான் உண்மை.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, அந்தப் பையனுக்குப் புரிகிற மாதிரி என்ன பதில் சொல்வது? இரண்டு, செலவில்லாமல் வகுப்பில் என்ன செய்து காட்டலாம்? எங்களிடம் புரொஜெக்டர் கிடையாது, ஆய்வகம் என்று சொன்னால் ஒரு பீரோதான். சுற்றுச்சூழல் பாடமும் இதே கதையில்தான் போகிறது. ஒவ்வொரு ஜூன் 5-ஆம் தேதியும், உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று மரக்கன்று நடுகிறோம், உறுதிமொழி எடுக்கிறோம், மஞ்சப்பை படம் வரைகிறோம். காலாண்டுத் தேர்வு வருவதற்குள் கன்றெல்லாம் காய்ந்து குச்சியாகிவிடுகிறது. அதைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளுக்கே நம்பிக்கை போய்விட்டது என்று நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முப்பந்தல் மெக்கானிக்:

டீச்சர், அந்தப் பையன் கேட்டது நூற்றுக்கு நூறு சரியான கேள்வி, முதலில் அதை அவனிடம் வகுப்பு முன்னால் சொல்லிவிடுங்கள். நான் பதினான்கு வருடமாக முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் காத்தாடி சர்வீஸ் வேலையில் இருக்கிறேன். ஊரில் கல்யாண வீட்டுக்குப் போனால் பெரியவர்களே என்னிடம் இதைத்தான் கேட்பார்கள்.

அவன் அம்மா பால் ஊற்றுகிறவர் என்றீர்களே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கறந்த பால் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போவதில்லை. சொசைட்டிக்குப் போகிறது, ஊர்ப் பால் எல்லாம் ஒரே கேனில் கலக்கிறது, லாரியில் ஏறி எங்கேயோ போகிறது. மறுநாள் அவர்கள் தெருக் கடையில் பாக்கெட் வரவில்லை என்றால் மாடு கறக்கவில்லை என்று அர்த்தமில்லை, வண்டி வழியில் பஞ்சராகி நின்றிருக்கும். காத்தாடியும் அப்படித்தான். அதற்குப் பக்கத்திலேயே ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கும், அங்கே வோல்டேஜை ஏற்றி, காற்றாலைக்கென்று இருக்கிற சப்ஸ்டேஷனுக்கு அனுப்புகிறோம், அங்கே இன்னும் ஏற்றி 110 கிலோவோல்ட், 230 கிலோவோல்ட் லைனில் சேர்த்துவிடுகிறார்கள். அந்த லைனில் தூத்துக்குடி அனல் மின்சாரம், குந்தா தண்ணீர் மின்சாரம், கமுதி சூரிய மின்சாரம் எல்லாம் கலந்துதான் ஓடுகிறது. உங்கள் ஊருக்கு வருகிற 11 கிலோவோல்ட் லைன் வேறு. ராத்திரி அடித்த அந்தக் காற்றிலேயே பனை மட்டை விழுந்து அந்த லைன் அறுந்திருந்தால் ஊர் இருட்டுதான், மேலே காத்தாடி சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொன்று சொன்னால் பையன் ஆச்சரியப்படுவான். பெரிய லைனில் கரண்ட் போனால் காத்தாடியும் நின்றுவிடும், எவ்வளவு காற்று அடித்தாலும் சரி. பழைய மிஷினில் இருக்கிற ஜெனரேட்டர் தானாகத் தனியாகக் கரண்ட் உண்டாக்காது, லைனிலிருந்து கொஞ்சம் வாங்கித்தான் உள்ளே காந்தமே உண்டாகும். புது மிஷின் வேறு மாதிரி, ஆனால் அதுவும் லைனில் கரண்ட் இல்லையென்றால் நின்றுதான் ஆகும். தேர் வடத்தை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஊரே பிடித்து இழுக்கும்போது நீங்களும் கை கொடுக்கலாம், உங்கள் பலமும் அதில் சேரும். எல்லோரும் விட்டுவிட்டால் நீங்கள் ஒருவர் மட்டும் நின்று தேரை நகர்த்த முடியாது.

காற்று ஏன் இங்கே மட்டும் இப்படி அடிக்கிறது என்பதையும் பாடத்தில் சேருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்க முட்டி நிற்கிறது, நுழைய வழியில்லை. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று சில இடத்தில்தான் கணவாய், அந்தச் சந்து வழியாகப் பிதுங்கிக்கொண்டு வருவதால்தான் இந்த வேகம். ரப்பர் டியூப்பில் தண்ணீர் விடும்போது நுனியை விரலால் அழுத்தினால் பீய்ச்சி அடிக்குமே, அதைச் செய்து காட்டினால் போதும். வேகம் இரட்டித்தால் காற்றில் இருக்கிற சக்தி எட்டு மடங்கு. இரண்டை மூன்று தடவை பெருக்கச் சொல்லுங்கள், கணக்குப் பாடமும் ஆச்சு. வைகாசிக் கடைசியில் ஆரம்பித்துப் புரட்டாசி வரைக்கும் எங்களுக்குச் சீசன், அந்த மாதங்களில் நாங்கள் லீவு கேட்கவே மாட்டோம்.

மேலே ஏறுவது எப்படி என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். பழைய 250 கிலோவாட் மிஷினில் லிப்ட் கிடையாது. டவருக்குள்ளே செங்குத்தாக இரும்பு ஏணி, இடுப்பில் பெல்ட், ஏறி மேல் மூடியைத் தள்ளித் திறந்தால் கியர் ஆயில் வாடையும் காற்றும் ஒன்றாக முகத்தில் அடிக்கும். காற்று நாளில் டவர் ஆடும். நமக்கு அவ்வளவாகத் தெரியாது, தரையில் வைத்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தால் தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டே இருக்கும். வினாடிக்கு மூன்று நான்கு மீட்டர் காற்று இருந்தால்தான் மிஷின் உற்பத்தியைத் தொடங்கும், இருபத்தைந்து மீட்டரைத் தாண்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். நல்ல காற்றில் ஒன்று மட்டும் நின்றால் பெரும்பாலும் எங்களைப் போல யாரோ மேலே வேலை பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

வகுப்பில் செய்ய: உடைந்த பொம்மைக் காரிலிருந்து ஒரு சின்ன மோட்டாரைக் கழற்றுங்கள். பிவிசி பைப்பை நீளவாக்கில் அறுத்தால் வளைவோடு இறக்கை கிடைக்கும், ஒரு தக்கையில் செருகி மோட்டாரில் மாட்டுங்கள். எல்இடி எரியும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், அந்த மோட்டார் தருகிற வோல்டேஜ் பல நேரம் அதற்குப் பத்தாது, எரியாவிட்டால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். எலக்ட்ரிக் கடையில் ஒரு சின்ன மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள். இறக்கை இரண்டு, மூன்று, ஆறு என்று மாற்றி, சாய்வையும் மாற்றி, ஒவ்வொரு தடவையும் எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். பெரியவர் இல்லாமல் காத்தாடி வேலிக்குள் போகக் கூடாது, டிரான்ஸ்பார்மர் பக்கமே போகக் கூடாது என்பதையும் கையோடு சொல்லிவிடுங்கள்.

கோயம்புத்தூர் அம்மா:

டீச்சர், நான் ஆசிரியை இல்லை, பத்து வயதுப் பெண்ணுக்கு அம்மா. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவினால் சந்தோஷம்.

ஃபேனை அணை, லைட்டை அணை என்று நான் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியும் அவள் காதில் ஏறவில்லை. ஒரு நாள் ஈபி மீட்டரில் சிவப்பாக ஒன்று மின்னுகிறதே, அது என்ன என்று கேட்டாள். கிட்டப் போய்ப் பார்த்தோம், மீட்டர் முகப்பில் 3200 என்று அச்சடித்திருந்தது. அதாவது 3200 தடவை மின்னினால் ஒரு யூனிட். (உங்கள் வீட்டு மீட்டரில் வேறு எண் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.) அவ்வளவுதான், அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதுதான் வேலை. நான் உள்ளே ஒவ்வொன்றாகப் போடுவேன், அவள் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாட்சைப் பார்த்து எண்ணுவாள். அயர்ன் பாக்ஸ் போட்டபோது கிட்டத்தட்ட வினாடிக்கு ஒன்று. ஒரு ஃபேன் மட்டும் ஓடும்போது நிமிடத்துக்கு நான்கு. 9 வாட் எல்இடி பல்பு ஒன்றுதான் எரிகிறது என்றால் இரண்டு நிமிடம் காத்திருந்தால்தான் ஒரு தடவை மின்னுகிறது, அந்த இரண்டு நிமிடமும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மீட்டர் விட்டு விட்டு மின்னியது. வீடு முழுக்கத் தேடி, செட்டாப் பாக்ஸ் ஸ்விட்ச் போர்டில் அணைக்காமல் இருந்ததை அவளே கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து அதை நான் ஒரு நாளும் சொல்ல வேண்டி வரவில்லை.

அடுத்த வாரம் நிலக்கரி. நம் அனல் மின் நிலையங்களில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது என்று படித்துச் சொன்னேன். அவளே கணக்குப் போட்டாள். பழைய ஃபேன் 75 வாட், பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட், அப்படியென்றால் அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. காய் நிறுக்கும் தராசில் கூழாங்கல்லை அரை கிலோவுக்கு நிறுத்து, ஒரு பையில் கட்டி, அவள் அறை வாசலில் வைத்துவிட்டாள். வருகிறவர்களிடம் எல்லாம் "இது என் ஒரு நாள் தூக்கம்" என்று காட்டுவாள்.

போன வருடம் மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். மத்திய அரசின் சூர்யா கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் கிடைத்ததால்தான் துணிந்தோம். நல்ல வெயில் நாளில் பன்னிரண்டு யூனிட் பக்கம் வரும், ஆடி மாத மூட்டத்தில் ஐந்துக்கு வந்துவிடும். தினமும் கிழிக்கிற காலண்டர் தாளின் பின்பக்கம் எண்ணைக் குறித்து வைக்கிறாள். ஒரு மத்தியானம் தெருவில் கரண்ட் போனது, வெயில் கொளுத்துகிறது, ஆனால் எங்கள் சோலாரும் நின்றுவிட்டது. "பேனல் கெட்டுப்போச்சும்மா" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். போட்டவரைக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது, கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் மேல் நம் வீட்டுக் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அது தானாகவே அணைந்துவிடுமாம். பேட்டரி வைத்து வேறு மாதிரி இணைத்தால்தான் அந்த நேரத்திலும் எரியும். மெக்கானிக் அண்ணன் சொன்ன தேர் வடத்தைப் படித்ததும் அந்த மத்தியானம்தான் ஞாபகம் வந்தது, இன்று அவளுக்கும் வாசித்துக் காட்டினேன்.

தூத்துக்குடி ஓய்வு வாத்தியார்:

மெக்கானிக் தம்பி சொன்னதை அப்படியே அச்சடித்து எல்லாப் பள்ளிக்கும் கொடுக்கலாம். கோயம்புத்தூர் அம்மா செய்ததும் அருமை, குழந்தையைத் தானே கண்டுபிடிக்க விட்டிருக்கிறீர்கள். ஆனால் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், தவறாக நினைக்க வேண்டாம். டீச்சரின் வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் வீட்டில் பெரும்பாலும் இரண்டு பல்பு, இரண்டு ஃபேன், ஒரு டிவி. அரசு தருகிற இலவச யூனிட் கணக்குக்குள்ளேயே முக்கால்வாசி வீடுகள் அடங்கிவிடும். அந்தப் பிள்ளையிடம் போய் நீ ஃபேனை அணைத்தால் பூமி பிழைக்கும் என்று சொல்வது நியாயமே இல்லை. முப்பத்தோரு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். பிள்ளைகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி ஆரம்பிக்கிற சுற்றுச்சூழல் பாடம் ஒன்றுகூட அவர்கள் மனதில் தங்கி நான் பார்த்ததில்லை. மீட்டரை எண்ணட்டும், கட்டாயம் எண்ணட்டும், ஆனால் தெரிந்துகொள்வதற்காக எண்ணட்டும்.

உங்கள் பிள்ளைகள் வீட்டில் ஏற்கெனவே எத்தனை இடத்தில் வெயிலும் காற்றும் வேலை பார்க்கிறது என்று ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லுங்களேன். ஆச்சி மொட்டைமாடியில் வடகம் பிழிகிறாள், வற்றல் போடுகிறாள், மணப்பாடு பக்கம் போனால் கருவாடு காய்கிறது, களத்தில் நெல் தூற்றுகிறார்கள். எங்கள் ஊர் உப்பளத்தை விடப் பெரிய சூரிய ஆலை எது? உப்புத் தண்ணீரைப் பாத்தியில் பாய்ச்சிவிட்டால் மீதி வேலை முழுக்க வெயிலுக்கும் காற்றுக்கும்தான், வடகிழக்கு மழை இறங்கினால் உப்பு வாருவது நின்றுவிடும். இரண்டு தட்டில் ஒரே அளவு உப்புத் தண்ணீர் வைத்து, ஒன்றை ஜன்னலோரம் வெயிலில் காற்றுப்படவும் இன்னொன்றை பீரோவுக்குள்ளும் வைக்கச் சொல்லுங்கள். மூன்று நாளில் எது முதலில் பூக்கிறது என்று பார்ப்பார்கள். உப்பளத்துக் கூலிப் பிள்ளைகள் என் வகுப்பில் நிறையப் பேர் இருந்தார்கள், நான் இந்தச் சோதனையைச் செய்த அன்றைக்குத்தான் அதில் ஒரு பெண் வகுப்பில் முதன்முதலாக வாயைத் திறந்தாள். பாத்தியில் தண்ணீர் எந்தப் பக்குவத்துக்கு வந்தால் உப்பு வாரலாம் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள், நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். கண் கூசும் வெள்ளையில் நின்று நின்று அவள் அம்மாவுக்குப் பார்வை மங்கிப்போனதையும் அன்றைக்குத்தான் சொன்னாள்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நாம் சொல்வதை அறிவியலாகவே எடுத்துப் பேசலாம். காற்றைச் சாக்கில் கட்டி வைக்க முடியாது, அடிக்கும்போதுதான் வேலை நடக்கும். அப்படியானால் அடிக்காத நேரத்துக்கு என்ன செய்வது? இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடமே விடுங்கள். பேட்டரி என்று ஒருவன் சொல்வான். ஆனைமலைப் பகுதியில் காடம்பாறையில் 400 மெகாவாட் நீர் மின் நிலையம் இருக்கிறது, மின்சாரம் மிஞ்சுகிற நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேலே இறைத்து வைத்துவிட்டு, தேவைப்படும்போது திறந்துவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள் என்று அப்போது சொல்லுங்கள். ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் ராத்திரி நிரப்பிக் காலையில் திறப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

நிலக்கரியை வில்லனாக்கவும் வேண்டாம். இங்கே அனல் மின் நிலையம் 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகளாகக் கட்டப்பட்டது, கரி ஒடிசாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கும். அந்தச் சம்பளத்தில் படித்து ஆளான பிள்ளைகள் எங்கள் ஊரில் ஆயிரக்கணக்கில் உண்டு. சாம்பலையும் நாங்கள்தான் சுவாசித்தோம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நேர்மையான பாடம். 1986-இல் இங்கே முள்ளக்காட்டில் சோதனையாகக் கொஞ்சம் காற்றாலைகளை நட்டார்கள், வேடிக்கை பார்க்க நாங்கள் சைக்கிளில் போனோம். இன்றைக்குத் தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஒரு மனிதன் வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெறுவதற்குள் நடந்த மாற்றம் இது, பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது என் குரலே மாறிவிடும்.

மரக்கன்று விஷயம். ஜூன் 5 உலகத்துக்குச் சரி, திருநெல்வேலிச் சீமைக்குச் சரியில்லை டீச்சர். நமக்கு மழை ஐப்பசியில்தான். ஜூனில் நட்டால் அடுத்த நான்கு மாதம் ஆடிக்காற்றும் வெயிலும், அம்மி பறக்கிற காற்றில் முழ உயரக் கன்று என்ன பாடுபடும்? அன்றைக்கு விதையை மட்டும் ஊன்றுங்கள். பால் பாக்கெட் உறையிலோ கொட்டாங்குச்சியிலோ வேம்பு, புங்கன், பூவரசு போட்டு வகுப்பறைத் திண்ணையில் வளர்க்கட்டும். ஐப்பசி அடைமழை தொடங்கியதும் தரையில் வையுங்கள். நாங்கள் அப்படி நட்ட வேம்பு நிழலில் இப்போது சத்துணவு சாப்பிடுகிறார்கள்.

முடிந்தால் தை, மாசியில் கூந்தன்குளத்துக்கு ஒரு நாள் கூட்டிப் போங்கள், உங்களுக்குப் பக்கம்தான், நாங்குநேரி வட்டம். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டு வேலி மரத்திலேயே கூடு கட்டும். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடிப்பதில்லை அந்த ஊர்க்காரர்கள், எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக எடுத்துக்கொள்கிறார்கள். பாதுகாப்பு என்றால் என்ன என்று நாம் விளக்கவே வேண்டாம், அந்த ஊர்ப் பாட்டி ஒருத்தியிடம் பிள்ளைகளைப் பேச விட்டால் போதும்.

கோயம்புத்தூர் அம்மா:

ஐயா, தவறாகவே நினைக்கவில்லை, நீங்கள் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். அந்தக் கூழாங்கல் பையைப் பார்த்துத் தூங்கும்போது அவளுக்குக் குற்ற உணர்ச்சி வருகிறதோ என்று கேட்டுப் பார்த்தேன். "இல்லம்மா, எனக்குக் கணக்கு பிடிச்சிருக்கு, அவ்ளோதான்" என்கிறாள். ஆனாலும் இனிமேல் வருகிறவர்களிடம் காட்டும்போது பேனல் அதில் எத்தனை கல்லை எடுத்துவிட்டது என்றும் சேர்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

வள்ளியூர் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க முடியாது. மூன்று வாரமாகச் செய்து பார்த்துவிட்டு இப்போது வந்து எழுதுகிறேன்.

முதல் நாளே அந்தப் பையனை எழுப்பி, அன்றைக்கு உன் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறேன் என்றேன். பால் சொசைட்டிக் கதையைச் சொன்னதும் அவன் பாதியிலேயே பிடித்துக்கொண்டான், மீதியை அவன்தான் வகுப்புக்குச் சொன்னான். கேன், லாரி, பஞ்சர் எல்லாம் பலகையில் படமாகப் போட்டான். உட்காரப் போனவன் திரும்பி நின்று, "பாலுக்கு எங்கம்மாவுக்குப் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை காசு வருது. காத்தாடிக் காசு யாருக்கு டீச்சர் போகுது?" என்றான். நான் மறுபடியும் உங்களிடம்தான் வர வேண்டியிருக்கிறது.

உப்புத் தட்டு சோதனை நன்றாக வந்தது. ஜன்னலோரத் தட்டில் மூன்றாம் நாள் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது, நக்கிப் பார்க்க ஒரே அடிதடி. ரப்பர் டியூப்பில் எல்லோரும் நனைந்தார்கள். திண்ணையில் முப்பது பாக்கெட்டில் வேம்பும் புங்கனும் போட்டிருக்கிறோம், பத்தொன்பது முளைத்திருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர். மல்டிமீட்டர் வாங்கிவிட்டேன். ஆனால் அதில் சுற்றி நிறைய எண் போட்டிருக்கிறது, திருகை எதில் வைப்பது என்று தெரியவில்லை, அதனால் பைப் இறக்கை இன்னும் பீரோ மேலேயே இருக்கிறது.

முப்பந்தல் மெக்கானிக்:

டீச்சர், காசுக் கேள்வி. எங்கள் பக்கம் நிற்கிற காத்தாடிகளில் நிறைய கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்து ஸ்பின்னிங் மில்களுடையது. இங்கே உண்டாக்கி லைனில் விட்டு, அங்கே மில்லில் அந்தக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள், லைனைப் பயன்படுத்த மின் வாரியத்துக்குக் கட்டணம் கட்டுகிறார்கள். மீதியில் கம்பெனிகள் உண்டாக்கி வாரியத்துக்கே விற்பதும் உண்டு. ஊர்க்காரர்களுக்கு நிலம் விற்ற பணமும், வாட்ச்மேன் வேலையும், என்னைப் போல மெக்கானிக் வேலையும்தான் வந்தது. இதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் ஊரே காத்தாடி வாங்கின கதையும் உண்டு, அதையும் கூடவே சொல்லுங்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006-இல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காத்தாடி ஒன்றை நிறுவி, ஊர்த் தேவை போக மிஞ்சியதை வாரியத்துக்கு விற்றது. பையன் அடுத்து நாம் ஏன் வாங்கவில்லை என்று கேட்பான். அதற்கு நானும் பதில் சொல்ல முடியாது, கிராம சபையில் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வாத்தியார் ஐயா நேர்மை என்று சொன்னதால். பழைய காத்தாடியைக் கழற்றும்போது இரும்பும் செம்பும் விலைக்குப் போய்விடுகிறது, இறக்கை பைபர் என்பதால் அதை உருக்கி மறுபடி பயன்படுத்துவது சிரமம். யார்டில் கிடக்கிறது, எனக்கே பார்க்க மனசு கஷ்டமாக இருக்கும். இதற்கு வழி கண்டுபிடிக்கிற வேலை உங்கள் ஏழாம் வகுப்பில் யாருக்காவது காத்திருக்கலாம்.

மல்டிமீட்டரில் நேர்க்கோடும் அதற்குக் கீழே புள்ளிக்கோடும் போட்ட வோல்ட் பக்கம் 20 என்று இருக்கும், அதில் வையுங்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் பயப்பட வேண்டாம், ஒயரை மாற்றிப் பிடித்திருப்பீர்கள், இல்லையென்றால் இறக்கை எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கும். இரண்டில் எது என்று நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும்.